நத்தார் வரைக்கும்

சனிக்கிழமைப் பின்னேரம் பேக்கரிப் போறணை அடுப்புக்கு முன்னால் நின்று, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பாண் ரொட்டியை வெளியே இழுத்தெடுக்கும் பாஸின் முகம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. வியர்வையில் குளித்திருப்பார், ஆனாலும் அது பள்ளிக்கூடம் விடப்போகும் பிள்ளையின் முகம். வனாந்தரத்தில் மன்னா பொழிந்தபோது ஆறாம் நாள் இரண்டு பங்கு கிடைத்ததல்லவா, அவருக்கும் அதே முறைதான். பேக்கரி அவருடையது. ஞாயிற்றுக்கிழமை போறணை எரியாது. "நாளைக்கு வரமாட்டம், ரெண்டா எடுங்க" என்று வீடு வீடாகச் சொல்வது என் வேலை.

நான் அந்தப் பாணை ஆட்டோவில் ஏற்றி, ஒலிபெருக்கியில் சங்கீதத்தை அலறவிட்டு, எங்கள் கல்லடி ஊரின் தெருக்களில் விற்பவன். ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாத எனக்கு, ஊரில் அதிகம் பேர் கேட்கும் இசைக்கலைஞன் என்ற பெருமை வேறு.

பாஸின் ஞாயிறு முழுவதும் ஆன்டிக்கு உரியது. ஆன்டி அவருடைய மனைவி. பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டவர். காலையில் சேர்ச். பின்னேரம் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு பாஸ் வாவிக்கரைக்குப் போவார். தோணிகளைப் பார்த்தபடி இருவரும் பேசாமல் இருப்பார்கள். ஒருமுறை நான் பக்கத்தில் குந்தி அரை மணி நேரம் அளந்துகொட்டினேன். "மனே, மீனெல்லாம் ஓடிட்டு" என்றார் ஆன்டி.

பிறகு வேறொரு பேக்கரியின் ஆட்டோ ஞாயிறிலும் வரத் தொடங்கியது. எங்களிடம் பாண் வாங்கிய வீடுகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் சாய்ந்தன. எனக்கு வேதம் அரைகுறை. அரைகுறைக்காரனின் கையில் வசனம் கிடைத்தால் ஆபத்து.

"பாஸ், ஓய்வுநாளில கிடங்குக்குள்ள ஆடு விழுந்தா தூக்கலாம் எண்டு இயேசுவே சொன்னவர். இப்ப விழுந்து கிடக்கிற ஆடு நம்மட பேக்கரிதான். இயேசு பிறந்த நத்தார் வரைக்கும் மட்டும்."

பாஸ் பிசைந்துகொண்டிருந்த மாவைப் புரட்டிப் போட்டார். "நத்தார் வரைக்கும்தானே, மனே?"

"ஓம் பாஸ்."

ஒரு பிரசங்கியாருக்குரிய நடையோடு வீட்டுக்குப் போனேன்.

அதன் பிறகு ஞாயிறு மத்தியானம் வீடு திரும்பும் பாஸ், சோற்றுக் கோப்பைக்கு முன்னாலேயே தூங்கிவிடுவார். பகலில் ஆன்டியைப் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டாள். வாவிக்கரைப் பயணம் நின்றுபோனது. ஒருநாள் பாண் கொடுக்கப் போனபோது ஆன்டி கேட்டார்: "மனே, அவர எனக்கு ஒரு ஞாயிறு தரமாட்டியா?"

"நத்தார் முடியட்டும் ஆன்டி, மொத்தமா எடுங்க."

அவர் சிரித்தார். வாயின் ஒரு பக்கத்தால்தான் அவரால் சிரிக்க முடியும். அதை என் பகிடிக்குக் கிடைத்த பரிசாக எடுத்துக்கொண்டு ஆட்டோவை முடுக்கினேன்.

நத்தாருக்கு இன்னும் இரண்டு ஞாயிறு இருந்தது. அன்றும் ஞாயிறு; போறணையில் பாண் வெந்துகொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள். பாஸ் போய்ச் சேர்வதற்குள் ஆன்டி போய்விட்டார். மாவு காய்ந்த விரல்களால்தான் பாஸ் அவருடைய கண்களை மூடினார்.

ஏழாம் நாளிலும் மன்னா பொறுக்கப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பியதாக, ஆறாம் நாளின் இரண்டு பங்கைச் சொல்லும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. பிறகுதான் வாசித்தேன். நாங்கள் போன ஞாயிறுகளில் பாண் எல்லாம் விற்றுப்போனது. அதனால்தான் எனக்கு நேரத்தோடு விளங்கவில்லை.

பாஸ் ஏசியிருந்தால் ஏதாவது பகிடி விட்டுத் தப்பியிருப்பேன்.

இப்போது ஞாயிறில் நான் ஆட்டோவைத் தொடுவதில்லை. ஆனால் சேர்ச் முடிந்ததும் பாஸ் என் வாசலுக்கு வந்துவிடுகிறார்.

"போறணைய மூட்டுவமா, மனே?"

"இண்டைக்கு ஓய்வுநாள்தானே பாஸ்."

"வீட்டில இருந்து என்ன செய்யிற?"

அவர் தனியே போய்ப் பேக்கரியைத் திறந்து, பாண் தட்டுகளைக் கழுவத் தொடங்குகிறார். சனிக்கிழமையே கழுவி அடுக்கியவை. ஞாயிறில் வேலை செய்ய அவரைப் பழக்கியவன் நான்; நிறுத்தச் சொல்ல எந்த வாயால் முடியும்? பின்னாலேயே போய், ஒரு துணியை எடுத்து, அவர் நீட்டும் ஒவ்வொரு தட்டையும் துடைத்து வைக்கிறேன்.