அம்மாவின் தெற்கு

எங்கள் அப்பா ஸ்ரீனிவாசனுக்கு இரண்டு பெண்டாட்டி. ஒருத்தி விஜயம், என் அம்மா. இன்னொருத்தி பரணில் துணி போர்த்திப் படுத்திருந்தாள். கட்டிலைவிட நீளமான இறக்கை, நகம் பட்டால் பள்ளம் விழும் பால்சா மரம், அதன்மேல் மெல்லிய காகிதம். இஞ்சின் கிடையாது. காற்று தூக்கினால் ஏறும், தூக்காவிட்டால் இறங்கும். கீழே நின்று ரேடியோ பெட்டியின் குச்சிகளை அசைத்து ஓட்டவேண்டிய கிளைடர். கல்லூரி நாளில் அப்பா கட்டியது. கல்யாணமாகிக் கரமனை வீட்டுக்கு வந்த வாரமே அம்மா அதற்குச் 'சக்களத்தி' என்று பேர் வைத்துவிட்டாள்.

அப்பா கூட்டுறவு வங்கியில் கிளார்க். யாரோடும் சண்டை போட்டதில்லை. பஸ்ஸில் தன் காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்ட மனிதர். அப்படிப்பட்டவருக்குத்தான் கண்ணில் அழுத்தம் என்றார்கள். பார்வை ஓரத்திலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டே வரும், போனது திரும்பாது. "ஸ்ட்ரா வழியா லோகத்தைப் பாக்கறாப்பல இருக்கு" என்பார். வேலையை விட்டார். நான் பிளஸ் டூவில் தோற்றதும் அதே வருஷம்தான். வீட்டில் சும்மா இருப்பவர்கள் இரண்டு பேர் ஆனோம். அதில் ஒருத்தருக்காவது நியாயமான காரணம் இருந்தது.

வீட்டுக்குள் அவரை நடத்தியது அம்மாவின் வாய். அம்மாவுக்கு இடது வலது என்பதே கிடையாது. எல்லாம் திசைதான். "தெக்கே காப்பி வச்சிருக்கேன்." "கிழக்கே ஸ்டூல் கிடக்கு, பாத்து." விருந்தாளியிடம்கூட, "உங்க பல்லுல வடக்கே கீரை ஒட்டிண்டிருக்கு" என்று சொல்லுவாள். அவரும் வடக்குப் பல்லைத் துடைத்துக்கொள்வார்.

ஒரு நாள் அப்பா பரணிலிருந்து சக்களத்தியை இறக்கச் சொன்னார்.

"எதுக்குன்னா இப்போ? கண்ணு தெரியற காலத்திலேயே அது தென்னைமரத்தைத்தான் தேடிப் போச்சு" என்றாள் அம்மா.

"கண்ணாலே ஓட்டப் போறதில்லை விஜயம். காதாலே."

விஷயம் இதுதான். ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லும் நகத்தளவு சில்லு ஒன்று இப்போது கிடைக்கிறது. கிளைடருக்குள் வைத்தால், ஏறும்போது கையிலிருக்கும் பெட்டி 'பிப் பிப்' என்று வேகமாகக் கத்தும். இறங்கும்போது நோயாளி மாதிரி தாழ்ந்த குரலில் முனகும். எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் அதற்குச் சொல்லத் தெரியாது. அதற்கு ஒரு ஆள் வேண்டும்.

பழைய ரிசீவரையும் வாலை அசைக்கும் தீப்பெட்டி மாதிரியான மோட்டார்களையும் பிடுங்கிவிட்டுப் புதியவற்றை வைத்தார். எல்லாம் கனம் குறைந்தவை, அதனால் மூக்கு தூக்கிக்கொண்டது. ஈயத்தைத் துண்டு துண்டாக வெட்டி மூக்கில் திணித்து, இறக்கைக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்து நிறுத்திப் பார்ப்பார். "மூக்கு கொஞ்சம் தாழ்ந்து இருக்கணும். மனுஷாளுக்கும் அது நல்லது." காகிதத்தைத் தடவித் தடவி ஒட்டினார். அதை விறைப்பாக்க டோப் என்று ஒன்று பூசினார். தெருவெல்லாம் நகப்பூச்சு வாசனை. அடுத்த வீட்டு வெங்கிடேஷ் மாமா எட்டிப் பார்த்து, "என்ன ஓய், பொண்ணுக்குப் பூசறேளா, இல்லை ஆத்துக்கே பூசறேளா?" என்றார்.

"உமக்கும் ஒரு கோட் அடிக்கட்டா?" என்று கேட்டேன். தலை உள்ளே போய்விட்டது.

ஒத்திகையில் திசை சொல்ல முதலில் என்னைத்தான் வைத்தார். "லெஃப்ட்!" என்றேன்.

"யாரோட லெஃப்ட்? எனக்கா, அதுக்கா? அது நம்மைப் பாத்து வரச்சே ரெண்டும் மாறிப் போகுமே, அசடே."

வேலை அம்மாவுக்குப் போயிற்று. வடக்கு யாருக்கும் வடக்குதான், மாறாது என்றார் அப்பா. எங்கள் மொட்டைமாடியில் தென்னை மறைக்காத வானம் கிழக்கே மட்டும்தான். இரண்டு பேரும் கிழக்கே பார்த்து நிற்பார்கள். நான் தலைக்குமேல் முறத்தைத் தூக்கிக்கொண்டு கிளைடராக ஓடுவேன். அம்மா சொல்வாள், அப்பா குச்சியைத் தள்ளுவார், அதைப் பார்த்து நான் திரும்புவேன். வாரக்கணக்கில் முறம் ஒருமுறைகூடச் சுவரில் மோதவில்லை.

"ஒரே ஒரு தடவை கேட்டே பறக்கவிட்டுக் கேட்டே இறக்கிட்டேன்னா போறும்" என்றார் அப்பா. "அப்பறம் கண்ணு போனா போகட்டும். நான் முழுக்கப் போகலேன்னு தெரிஞ்சுக்கலாம்."

விளையாட்டுக்கு அவர் இப்படிப் பேசுகிறவர் இல்லை. நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

ஊருக்குள் பறக்கவிட முடியாது, விமான நிலையம் பக்கம். அனுமதி வாங்கி, ஜீப் பிடித்து, போனக்காடு மலைத்தோட்டத்துக்குப் போனோம். கடலிலிருந்து வரும் மேற்குக் காற்று அங்கே மலையில் முட்டி மேலே ஏறும். அந்த ஏறுகாற்றில்தான் கிளைடர் நிற்கும். விதி ஒன்றே ஒன்று: திரும்பும்போது காற்றைப் பார்த்துத் திரும்பவேண்டும். மலையைப் பார்த்துத் திரும்பினால் போச்சு.

நாங்கள் போன அன்று மூடுபனி. சூரியன் எங்கே என்றே தெரியவில்லை. தேயிலைச் சரிவின் விளிம்பில் அப்பா முகத்தில் காற்று படும்படி மேற்கே பார்த்து நின்றார். அம்மா மாடியில் நின்ற மாதிரியே அவருக்குப் பக்கத்தில் ஒட்டி நின்றாள். நான் சக்களத்தியைத் தலைக்குமேல் தூக்கி எறிந்தேன்.

பிப். பிப். பிப் பிப் பிப்.

"ஏறறது!" என்றார் அப்பா. அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வாய் திறந்து, குழந்தை மாதிரி. அது நேரே போயிற்று, உயர்ந்தது, பிறகு மெதுவாக வலது கைப்பக்கம் சாய்ந்து பனியை நோக்கி நகர்ந்தது.

"தெக்கே போறதுன்னா, தெக்கே ரொம்பப் போறது! வடக்கே திருப்புங்கோ!"

மாடியில் அவளுடைய வலது கை தெற்கு. இங்கே வடக்கு. சூரியன் இருந்திருந்தால் அம்மாவுக்கு அது தப்பியிருக்காது.

தெற்கே போகிற கிளைடர் காற்றைப் பார்த்து வடக்கே திரும்பவேண்டுமானால் அதன் வலது பக்கம் திரும்பவேண்டும். அப்பா சரியாகத்தான் செய்தார். குச்சியை வலது பக்கம் தள்ளினார். ஆனால் அது வடக்கே போய்க்கொண்டிருந்தது. அதற்கு வலது பக்கம் மலை.

"அம்மா, அது தெக்கு இல்லை! அப்பா, விடு, விடு!"

எங்கள் தலைக்குமேலேயே போயிற்று. இறக்கையின் காகிதம் சரசரத்தது கேட்டது. மலைக்குப் பின்னால் காற்று கீழே விழும் இடம். பெட்டி முனக ஆரம்பித்தது. முனகல் தாழ்ந்தது, இன்னும் தாழ்ந்தது, நின்றது.

மேலே ஏறிப் போய்ப் பார்த்தோம். காடு. விறகுக் கட்டோடு வந்த எலிசாள் என்ற தோட்டத்து அம்மா வழியை மறித்தாள். "உள்ள எறங்காதீங்க சாரே. ஆனை நிக்குது. போன மாசம் ஒரு ஆளு போனாரு, சட்டைதான் வந்துச்சு."

அப்போது பெட்டி, 'பிப்' என்றது. பிறகு ஒரு முனகல். பிறகு மறுபடி பிப். எங்கேயோ மரக்கிளையில் மாட்டிக்கொண்டு, காற்றில் கிளை ஆட ஆட, ஏறுகிறேன், இறங்குகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஜீப் கிளம்பிய பிறகும் அப்பா பெட்டியை அணைக்கவில்லை, காதில் வைத்துக்கொண்டிருந்தார். முதல் வளைவில் சத்தம் நின்றுவிட்டது.

"என்னாலேதானே?" என்றாள் அம்மா.

"சேச்சே. காத்து மாறிடுத்து."

இருபத்தைந்து வருஷ தாம்பத்தியத்தில் அப்பா சொன்ன முதல் பொய்யாக இருக்கவேண்டும். பழக்கமில்லை, அதனால் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் அம்மா காப்பி கொண்டுவந்தாள். மேஜையில் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் கை மேஜைமேல் தடவியது, நின்றது.

"விஜயம், எந்தப் பக்கம்?"

அம்மா அவர் கையைப் பிடித்து டம்ளரில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மத்தியானம் அப்பா ஸ்டூலில் இடித்துக்கொண்டார். அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை, ஸ்டூலை எடுத்துக் கொல்லையில் போட்டாள். சாயங்காலக் காப்பிக்கும் கையைப் பிடிக்க வந்தாள். அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எந்தப் பக்கம் விஜயம்?"

அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"தெக்கே, அப்பா" என்றேன் நான்.

"உன்னைக் கேக்கலை" என்றார்.

காப்பியில் ஆடை படிந்தது. அவர் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.