அம்மா குடிக்காத தண்ணீர்

அம்மா விழுந்தபோது சரியாக விடியவில்லை. காளவாசல் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு காம்பவுண்டு வீட்டில் குடியிருக்கிறோம். எல்லாக் குடித்தனங்களுக்கும் சேர்த்துக் கடைசியில் ஒரே கக்கூஸ்தான். என்னை எழுப்பாமல் அங்கே போனவள், வீடுகளுக்கு நடுவே போகும் நடையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவளுக்கு எண்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது. நான் கடைசிப் பிள்ளை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே. மாவு மில்லில் வேலை பார்க்கிறேன். மெஷின் சத்தத்தில் யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஆபரேஷன் பண்ணலன்னா படுத்த படுக்கைதான். பண்ணா, இந்த வயசுல கிட்னி தாங்குமான்னு பாக்கணும். ரத்தத்துல கிட்னி நம்பர் நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா ஒடம்புல சதையே இல்லாதவங்களுக்கு அந்த நம்பர நம்ப முடியாது. அம்மா தண்ணி நல்லாக் குடிப்பாங்களா? யூரின் ஒழுங்காப் போவாங்களா?"

அம்மா எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள், குழம்பில் எம்புட்டு உப்பு போடுவாள், எல்லாம் எனக்குத் தெரியும். இது தெரியவில்லை. கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அம்மாவின் கட்டிலுக்குப் போனேன். நின்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அம்மா, நீ ஒண்ணுக்கு..."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "பெத்த தாயிட்ட கேக்குற கேள்வியாய்யா இது?"

வெளியே வந்து பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சுற்றி வளைத்துத்தான் கேட்டேன்.

"அட கூறுகெட்டவனே, இம்புட்டு நாளா ஒரே வீட்டுல இருக்க, ஒனக்குத் தெரியாதா? பொழுது சாஞ்சா ஒங்கம்மா தண்ணியத் தொட மாட்டாக. பகல்லயும் ஒரு டம்ளரு, ரெண்டு டம்ளரு. குடிச்சா கக்கூஸுக்குப் போகணும், நடையில ஆம்பளையாளுக ஒக்காந்திருக்காக, கைபிடிக்க ஒன்னைய வேற கூப்பிடணும்பாக. மூட்டு வலிக்கு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போடுறாகளே, அதையாச்சும் சொன்னியா?"

அதையும் சொல்லியிருக்கவில்லை. எனக்கே அப்போதுதான் தெரியும்.

டாக்டரம்மாவிடம் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. "அந்த மாத்திரையும் கிட்னிக்கு ஆகாது. ஆபரேஷன நாளைக்கு வச்சுக்கலாம். மொதல்ல ஒடம்புல தண்ணி ஏறட்டும். ஆனாலும் கிட்னிக்கு ஆபத்து ஜாஸ்தின்னுதான் தோணுது" என்றார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினார். போட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு எல்லார் கண்ணும் கட்டிலின் பக்கவாட்டில் தொங்கிய மூத்திரப் பையின் மேல்தான். அதில் கடுங்காப்பி நிறத்தில் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. அம்மாவுக்கு அந்தக் கவலையில்லை.

"அதை மூடுய்யா. வாரவுக போறவுக எல்லாம் பாக்குறாக."

என் தோளில் கிடந்த துண்டை அதன்மேல் போட்டேன். பார்க்க வந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "என்ன தம்பி, மூத்திரப் பைக்கு முண்டாசு கட்டி விட்டுருக்க?" அம்மாவும் சிரித்துவிட்டாள். சிரித்ததில் இடுப்பு வலித்து முனகினாள்.

துண்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். பையில் அளவு ஏறவே இல்லை. ரத்தத்தில் கிட்னி நம்பர்தான் ஏறியது. அம்மாவின் பாதம் வீங்கியது. பகலிலேயே தூங்கினாள், என்னை என் அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இப்படியே போனால் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினில் போட வேண்டிவரும், அதை இந்த உடம்பு தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார்கள். நான் சாப்பிடப் போகவில்லை. நான் போகும் நேரத்தில் பையில் ஏதாவது இறங்கி, அதைப் பார்க்காமல் போய்விடுவேனோ என்று பயம்.

பிறகு ஒரு காலை, துண்டைத் தூக்கியபோது பை கனமாக இருந்தது. நிறமும் வெளுத்திருந்தது. வராந்தாவுக்கு ஓடினேன். "சிஸ்டர், எங்கம்மா ஒண்ணுக்குப் போயிருக்காக!" என்று கத்தினேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமே வரவில்லை.

ஆனால் கிட்னி முழுதாகப் பழையபடி திரும்பவில்லை. இறங்கிய நம்பர் பாதியில் நின்றுவிட்டது. வலி மாத்திரையைத் தொடவே கூடாது, தண்ணீர் சொன்ன அளவுக்குக் கட்டாயம் குடிக்க வேண்டும், இன்னொரு தடவை வறண்டால் தாங்காது என்று சொல்லி அனுப்பினார்கள்.

இப்போது கட்டிலுக்குப் பக்கத்திலேயே, உட்கார்ந்தபடி ஒண்ணுக்குப் போக நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன். அம்மா இனி நடைக்குப் போக வேண்டியதில்லை. நேற்று சாயங்காலம் டம்ளரை அவள் கையில் கொடுத்தேன்.

"குடிச்சா ஒன்னையத்தானய்யா கூப்பிடணும்" என்றாள்.

"கூப்பிடு. அதுக்குத்தான இருக்கேன்."

"நீ வெளிய போ. குடிக்கிறேன்."

கதவுக்கு வெளியே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. உள்ளே போய்ப் பார்த்தேன். முக்கால்வாசித் தண்ணீர் அப்படியே இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போல் படுத்திருந்தாள்.