பச்சை மூடி

மலையில் எங்கள் பக்கம் பெட்ரோல் பங்க் கிடையாது. என் பெட்டிக்கடைதான் பங்க். கேனில் வாங்கி வந்து, தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி, வரிசையாக வைத்திருப்பேன். நீல மூடி என்றால் வெறும் பெட்ரோல், பைக்குக்கு. பச்சை மூடி என்றால் ஆயில் கலந்தது, மரம் அறுக்கிற மிஷினுக்கு. படிக்காதவருக்கும் மூடியின் நிறம் தெரியும் அல்லவா? இந்த ஏற்பாட்டைச் செய்தவள் நான்தான், ரேணுகாதேவி. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. எல்லாம் போன வருஷம் பங்குனி வரைக்கும்தான்.

கடைக்கு எதிர் மேட்டில் ரங்கண்ணன் வீடு. ஐம்பத்தெட்டு வயது. பெரியம்மாள் அக்கா செத்து ஆறு வருஷம் ஆகிறது. கொஞ்சம் சாமை, இரண்டு பலா, நாலு புளியமரம், ரமேஷ் என்று ஒரே மகன். அவ்வளவுதான் அவர் சொத்து. பேச்சு என்றால் மனிதருக்குக் காசு செலவாவது போல. நான் பத்து வார்த்தை கேட்டால் ஒரு "ம்" வரும். ஆனால் மரம் ஏறினால் ஆளே வேறு. வீட்டை ஒட்டிய பெரிய புளியமரத்து உச்சியில் நின்றால் பஸ் திரும்புகிற வளைவு தெரியும். ரமேஷ் வெளியூரில் மரம் அறுத்துவிட்டு வருகிற நாட்களில் அவர் உச்சியிலிருந்தே பார்த்துவிட்டு, அவன் மேடேறி வருவதற்குள் இறங்கி உலை வைத்துவிடுவார்.

ரமேஷிடம் சொந்தமாக மரம் அறுக்கிற மிஷின் ஒன்று இருந்தது. அவன் உயிரே அதில்தான் இருந்தது. அதனால்தான் ஊரைவிட்டுப் போகாமல் இருந்தான் என்றும் சொல்லலாம்.

பங்குனியில் ஒரு நாள் காற்றில் பலாக்கிளை முறிந்து பாதையில் விழுந்தது. ரமேஷ் போளூர் போயிருந்தான். மகன் வருவதற்குள் அறுத்துப் போட்டுவிடலாம் என்று ரங்கண்ணனே மிஷினைத் தூக்கினார். அவன் செய்வதைப் பார்த்திருக்கிறார், தொட்டதில்லை. என்னிடம் வந்து, "மிஷினுக்கு ஒரு பாட்டில் குடும்மா" என்றார். பச்சை மூடி பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன்.

கால் மணி நேரம் ஓடியிருக்கும். மிஷின் கிறீச்சென்று அலறி நின்றது. பிறகு ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தால் கயிறே வரவில்லை. ஆயில் இல்லாத பெட்ரோலில் ஓடி, பிஸ்டன் சூடாகி உருகி சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது.

அன்று காலையில் ஒரு நீல மூடி விரிசல் விட்டிருந்தது. கைக்குக் கிடைத்த பச்சை மூடியைப் போட்டு, அப்புறம் மாற்றலாம் என்று வைத்தேன். மாற்றவில்லை. அந்தப் பாட்டில்தான் ரங்கண்ணனிடம் போனது. ஆயில் பிசுக்கு இல்லாத காலி பாட்டில் கடைக்குத் திரும்பி வந்தபோது எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

சாயங்காலம் ரமேஷ் கண் சிவக்க வந்து நின்றான். "அக்கா, எங்கப்பாவுக்கு எந்த மூடி குடுத்தீங்க?"

"நீலம் கேட்டாரு, நீலம் குடுத்தேன்" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அது அவ்வளவு சுலபம். ஒரு நொடிகூட ஆகவில்லை. அவன் கத்துவான், நாலு பேர் கூடுவார்கள், கடைப் பேர் கெடும் என்கிற பயம். எனக்கு வேறு சாக்கு இல்லை.

அவன் மேட்டில் போய்க் கத்தியது என் கடை வரை கேட்டது. "பச்சையா நீலமானு பாக்கத் தெரியாதா? கண்ணு அவிஞ்சு பூட்ச்சா உனுக்கு?" ரங்கண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் ரமேஷ் ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அப்புறம் போனும் செய்யவில்லை. அப்பன் போட்டாலும் எடுப்பதில்லை.

வைகாசியில் ரங்கண்ணன் மிஷினைக் கழற்ற ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. "இன்னாணா, சாமைக் களை எடுக்கறதுனு நெனச்சியா? மெக்கானிக்கிட்ட குடு."

"நான் கெடுத்தது. நான்தான் சரி பண்ணணும்" என்றார். அந்த மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். "ஓடுச்சுன்னா அவன் வருவான்."

அவருடைய நம்பிக்கை எல்லாம் அந்த ஒரு வரிதான். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

போளூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் அவருக்கு ஒரே ஒரு புத்தி சொல்லியிருக்கிறார். எந்த வரிசையில் கழற்றினாயோ அதற்குத் தலைகீழ் வரிசையில் பூட்டு என்று. அதனால் கழற்றியதையெல்லாம் முறத்தில் வரிசையாக வைத்தார். சைலன்சர், பிளக், சிலிண்டர் என்று ஒவ்வொன்றாக வந்தது. நான் குழம்பு கொண்டுபோன அன்று பிஸ்டனைக் கையில் வைத்து உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் முழுக்க நகத்தால் பிறாண்டியது போலக் கோடு கோடாக இருந்தது. "பாவம், எப்டி கத்திச்சு தெரியுமா" என்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

சிலிண்டரில் உருகி ஒட்டிய அலுமினியத்தைக் கழுவ என் கடையில்தான் பாத்ரூம் ஆசிட் வாங்கினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ஆடி முழுக்கத் தேய்த்தார். மழை பெய்தால் வீட்டுக்குள், வெயில் அடித்தால் வாசலில். ஒரு நாள் கோழி முறத்தில் ஏறி, பிஸ்டன் ஊசியைப் பிடித்து வைக்கும் மோதிரம் போன்ற சின்னக் கம்பியைக் கொத்திக்கொண்டு ஓடியது. அடேங்கப்பா, மனிதர் கோழியைக் கூடையில் கவிழ்த்து இரண்டு நாள் அதன் பின்பக்கத்தைப் பார்த்தபடி காவல் இருந்தார். கடைசியில் கம்பி சாமைப் பயிரின் அடியில் கிடந்தது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்த வருஷத்தில் அவர் சிரித்தது அன்று மட்டும்தான்.

ஒன்றை நான் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை. அவர் எதையும் கண்ணால் பார்த்துச் செய்யவில்லை. தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு விரலால் தடவித் தடவியே செய்தார். போளூரில் புது பிஸ்டன் வாங்கி வந்தார். அதன் தலையில் ஓர் அம்புக்குறி இருக்கும், அது சைலன்சரைப் பார்த்து இருக்க வேண்டும். அதைப் பார்க்காமல் திருப்பிப் போட்டார். ஸ்டார்ட் செய்ததும் பிஸ்டன் ரிங் உடைந்து மறுபடியும் நின்றது. மறுபடி போளூர். அந்த அம்பைக்கூடப் பிற்பாடு நகத்தால் தடவித்தான் கண்டுபிடித்தார்.

தை வந்தது. புளி பழுத்துத் தொங்கியது. ரங்கண்ணன் மரம் ஏறவில்லை. புதூர்நாட்டு ஆள் ஒருவரைப் பாதிப் பங்குக்குப் பறிக்க விட்டுவிட்டார். "ஏண்ணா?" என்று கேட்டால் "முட்டி வலிக்குது" என்றார்.

மாசி நாலாம் தேதி மிஷின் ஓடியது. ஏழாவது இழுப்பில் இருமி, எட்டாவதில் உறுமியது. நான் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு மேட்டுக்கு ஓடினேன். மனிதர் முகம் வேர்த்து ஒழுகியது. "போன் போடு ரேணுகா, அவனுக்குப் போன் போடு" என்று தன் பட்டன் போனை என்னிடம் நீட்டினார். எண்ணை அழுத்திக் கொடுத்தேன். வாங்கி மிஷின் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். மிஷின் கத்தியது. ரொம்ப நேரம் பிடித்திருந்து, பிறகு நிறுத்தி, போனை என்னிடம் கொடுத்தார்.

"முழுசா கேட்டானா பாரு."

பார்த்தேன். அவன் எடுக்கவே இல்லை. மணி அடித்து ஓய்ந்திருந்தது.

கேட்டான் அண்ணா என்பது வாய் வரை வந்துவிட்டது. பொய்க்கு ஏற்கெனவே பழகிய வாய்தானே. ஆனால் அந்த மனிதர் குழந்தை மாதிரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எடுக்கலண்ணா" என்றேன். அதோடு மற்றதும் வந்துவிட்டது. "அன்னிக்கு நீ பச்சை மூடிதான் எடுத்துனு வந்தே. நான்தான் மூடிய மாத்திப் போட்டேன். ரமேஷுகிட்ட பொய் சொன்னேன். தப்பு என்னுது."

திட்டுவார் என்று நின்றேன். செருப்பால் அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவர் மெல்ல வாசற்படியில் உட்கார்ந்தார்.

"அப்ப அது பச்சைதானா?"

"பச்சைதாண்ணா."

"எனக்கும் பச்சையாத்தான் தெரிஞ்சுது" என்றார். இரண்டு கையையும் கண்ணுக்கு முன்னால் விரித்துப் பார்த்தார். "கண்ணு பூட்ச்சுன்னு நெனச்சுட்டேன் ரேணுகா. கெளை எது, காத்து எதுன்னு தெரியாம மேல இருந்து வுழுந்துருவேன்னு பயம். அதான் மரம் ஏறல."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மிஷின் கெட்டது, மகன் போனது, இதெல்லாம் என் கணக்கில் இருந்தது. பதினோரு மாசமாக இந்த மனிதரின் கண்ணையும் பிடுங்கி வைத்திருந்தேன் என்பது எனக்குத் தெரியவே தெரியாது.

அவர் முன்னாலேயே என் போனிலிருந்து ரமேஷைக் கூப்பிட்டேன். என் எண் என்பதால் எடுத்தான். எல்லாவற்றையும் சொன்னேன். மிஷினை உங்கப்பாவே பூட்டி ஓட்டிவிட்டார் என்றும் சொன்னேன். கடைசியில் "சரிங்க" என்று வைத்துவிட்டான்.

"இன்னா சொன்னான்?"

"சரின்னான்."

"ம்" என்றார் ரங்கண்ணன்.

மறுநாள் சாயங்காலம் பார்க்கிறேன், புளியமரத்து உச்சியில் ஆள் நிற்கிறது. "அண்ணா, பாத்துணா!" என்று மரத்தடிக்கு ஓடிப் போய் நின்றேன். ஒரு வருஷம் ஏறாத மரம். அவரோ ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது.

"பஸ் நிக்குது ரேணுகா."

"யாருணா எறங்கறாங்க?"

கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"கூடையோட ஒரு பொம்பள. செவப்புப் புடவை. வேற யாரும் எறங்கல" என்றார். பஸ் கிளம்பிப் போகிற சத்தம் அடங்கும் வரை அங்கேயே பார்த்திருந்துவிட்டு மறுபடியும் சொன்னார்.

"நல்லா தெரியுது."