தாத்தா கட்டிக்கொள்ளாத பரிவட்டம்

எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் முதல் பரிவட்டம் என் தாத்தாவுக்குத்தான். பண்ணையாருக்கே அப்புறம்தான். ராணி காலத்துப் பர்மா சண்டைக்குப் போய் முழு உடம்போடு திரும்பியவர் என்று ஊர் அவருக்குச் செய்த மரியாதை அது. அம்மன் பாதத்தில் வைத்த பட்டுத் துண்டைப் பூசாரி அவர் தலையில் கட்டும்போது எனக்குத் தலைகால் புரியாது. அவருடைய வெள்ளி மெடலைத் திருநீறு போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது நான். அதனால் அந்த மரியாதையில் பாதி என்னுடையது என்று எண்ணியிருந்தேன்.

சண்டையைப் பற்றிக் கேட்டால் தாத்தா மழையைப் பற்றிச் சொல்வார். இல்லாவிட்டால் சேற்றில் புதைந்துபோன ஒரு கோவேறு கழுதையைப் பற்றி. சுட்டது, வெட்டியது ஒன்றும் வாயில் வராது. எனக்கு அது பெரிய குறை. ஆனால் என் மாமாவுக்கு, அதாவது தாத்தாவின் ஒரே மகனுக்கு, அந்தப் பரிவட்டமே போதுமாயிருந்தது. வருஷா வருஷம் அதைப் பார்த்து வளர்ந்தவர், ஜெர்மன் சண்டைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் பாளையங்கோட்டைக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அரபு நாட்டுப் பக்கம் பஸ்ராவில் இருக்கிறார் என்றார்கள். திருச்செந்தூர்க் கடலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் பஸ்ரா தெரியும் என்று நான் நம்பியிருந்தேன். அவர் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று அவர் மனைவி, என் அத்தை, கொடைக்குப் பொங்கல் நேர்ந்திருந்தாள்.

கொடைக்குப் பந்தல்கால் நாட்டிய மறுநாள், தாத்தாவோடு பர்மாவில் இருந்த கிழவர் ஒருவர் பாளையங்கோட்டையிலிருந்து வந்தார். வீட்டுக்கு வராமல் ஆற்றங்கரைக்குத் தாத்தாவைக் கூப்பிட்டனுப்பினார். நான் மருதமரத்தடியில் நின்று பார்த்தேன். வந்தவர் ஏதோ சொன்னார். பிறகு விறைத்து நின்று சலாம் வைத்தார். தாத்தாவும் வைத்தார். இரண்டு கிழவர்கள் இந்த வயதில் டிரில் செய்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. தாத்தா கட்டிய வேட்டியோடு தாமிரபரணியில் இறங்கி முங்கினார். வெகு நேரம் கழித்துத்தான் தலை தெரிந்தது.

வந்தவர் கொண்டுவந்தது மாமா பஸ்ராவில் இறந்துபோன சேதி. அது எனக்குத் தெரிந்தது கொடை முடிந்த பிறகு. எங்கள் பக்கத்தில், தூரத்துச் சாவுக்குச் சேதி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் தீட்டு. கேட்டவருக்கு உண்டு, கேளாதவருக்கு இல்லை. அத்தையின் காதில் விழாதவரை அவள் பூ வைக்கலாம், கோயில் வாசலில் பொங்கலிடலாம். தாத்தா அந்தச் சேதியைத் தன் காதோடு நிறுத்திக்கொண்டார். வந்தவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அனுப்பியிருக்கிறார்.

அன்று முதல் தாத்தா மாட்டுத் தொழுவில் படுத்தார். சோற்றை இலையில் போட்டுத் தள்ளி வைக்கச் சொன்னார். நான் மடியில் ஏறப் போனால், “ஏட்டி, தள்ளி நில்லு. மேலுக்குச் சரியில்ல” என்று விரட்டினார். ஆனால் பூக்காரியைத் தினமும் வாசலுக்கு வரச்சொல்லி, அத்தை கையில் மல்லிகையைக் கொடுக்க வைத்தார். மருமகளுக்குப் பூ வாங்கித் தருகிற மாமனாரை எங்கள் தெரு அதுவரை கண்டதில்லை. எனக்கு ஒரு கண்ணிப் பூகூடக் கிடையாது என்று பொருமினேன்.

கொடையன்று உச்சிவேளையில் மேளம் முழங்கியது. தாத்தா கோயில் எல்லையைத் தாண்டாமல் வாய்க்கால் பாலத்திலேயே நின்றார். தேய்த்த மெடலைப் பாவாடையில் முடிந்துகொண்டு நானும் பக்கத்தில் நின்றேன். கோயில் தர்மகர்த்தா தேடிக்கொண்டு வந்தார்.

“வாரும் வே. எல்லாரும் காத்துக் கெடக்காவ. மகனும் சண்டையில நிக்கான். இந்த வருசம் ரெட்டை மரியாதைல்லா!”

“நான் வரல. அந்தத் துண்ட அம்மன் காலடியிலயே போட்டு வையும். சின்னப் பயலுவ பாக்க எவன் தலையிலயும் கட்ட வேண்டாம்.”

“பரிவட்டத்த வேண்டாங்கீரா? அவ்வளவு கொழுப்பா வே உமக்கு!”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். பரிவட்டம் பண்ணையார் தலைக்குப் போயிற்று. நான் மெடலைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன்.

அப்போதுதான் அத்தை ஓடிவந்தாள். முகமெல்லாம் புகையும் வேர்வையும். அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததில்லை.

“பொங்கல் கெழக்க பொங்கிட்டு! அவுக வந்துருவாகல்லா?”

தாத்தா வாய்க்கால் தண்ணீரையே பார்த்துக்கொண்டு, “பூ வாடிட்டு, தாயி. புதுசு வாங்கி வச்சுக்கோ” என்றார்.

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வேறெதையோ சொல்கிறாரே, பாவம், தாத்தாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்தேன்.

மஞ்சள் நீராட்டு முடிந்து கோயில் பந்தல் பிரித்த அன்று காலையில், அத்தையின் அலறல் கேட்டு விழித்தேன். உள்ளே அவளைச் சுற்றித் தெருப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். மாமா செத்துப்போன சேதியைத் தாத்தா சொல்லிவிட்டாராம். பஸ்ராவே எனக்குப் பிடிபடாதபோது இது எங்கே பிடிபடும்? தாத்தா முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினார். அத்தனை நாள் விரட்டியவர் வாரியெடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மடி திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. பாவாடை முடிச்சை அவிழ்த்து மெடலை அவர் கையில் வைத்தேன்.

“அடுத்த கொடைக்காவது பரிவட்டம் கட்டிக்கிடுவியளா, தாத்தா?”

அவர் மெடலைக் கைக்குள் இறுக்கி மூடிக்கொண்டார். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, அவர் காதோடு வாயை வைத்து இன்னும் உரக்கக் கேட்டேன்.