கண்டக்டர் வீட்டுக்குப் போய்வந்த கதை

கண்டக்டருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது குளியலறையில். மகன் அவரை முதியோர் இல்லத்தில் கொண்டுவந்து சேர்த்தபோது, "நடக்க ஆரம்பிச்சதும் கூட்டிட்டுப் போயிடுறேன்பா. உங்க ரூம் அப்படியே இருக்கும்" என்றான். அதற்குள் நோய் பரவி இல்லத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியாள் உள்ளே வரக் கூடாது, உள்ளே இருப்பவர் அறையைத் தாண்டக் கூடாது. வேலைக் காலம் முழுக்க பஸ் கூட்டத்தில் நசுங்கிய மனிதர் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் மின்விசிறியைப் பார்த்து, "உள்ள போ, உள்ள போ, எடம் இருக்கு" என்று சொல்ல ஆரம்பித்தார்.

இல்லத்து மேலாளர் அம்மா நல்லவர்தான். நல்லவர்கள் செய்கிற கொடுமைக்கு எங்கே போய்ப் புகார் கொடுப்பது? கண்ணை மறைத்து மாட்டுகிற வி.ஆர். கருவிகள் சிலவற்றை வாங்கி வந்தார். மாட்டிக்கொண்டால், படம் எடுத்த இடத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது போல இருக்கும். தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கமும் தெரியும். பக்கத்து அறை டீச்சர் பனிமலையைப் பார்த்துவிட்டு வாந்தி எடுத்தார். மலை வேண்டாம், அவரவர் வீட்டைப் பார்த்தால் மனசு தேறும் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு உருண்டைக் கேமராவை அனுப்பிவைத்தார் மேலாளர்.

கண்டக்டர் வீட்டில் தடபுடலான ஏற்பாடு. சாப்பாட்டு மேசையருகே அவருடைய நாற்காலியில் கேமராவை வைத்து, எதிரே மகன், மருமகள், பேத்தி மூவரும் இஸ்திரி போட்ட உடையில் உட்கார்ந்தார்கள். போட்டோவுக்கு உட்கார்ந்தே பழகியவர்கள். கேமராவுக்கு முதுகிலும் கண் உண்டு என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை.

நர்ஸ் கருவியை மாட்டிவிட்டதும் கண்டக்டர் வீட்டில் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையை நீட்டினார், பேத்தியின் கன்னம் எட்டவில்லை. "உங்க எடம் உங்களுக்காகக் காத்திட்டிருக்குப்பா" என்றான் மகன். விசில் ஊதுமுன் பின்படியைப் பார்க்கும் பழக்கம் எங்கே போகும்? சந்தோஷத்தில் அவர் திரும்பிப் பார்த்தார்.

அவர் அறைக் கதவு திறந்து கிடந்தது. கட்டில் இல்லை. கட்டில் இருந்த இடத்தில் ஒரு டிரெட்மில், அதன் கைப்பிடியில் மருமகளின் ஈரத்துண்டு. அவருடைய சட்டைகள் மூலையில் ஒரு சாக்கில் கட்டிக் கிடந்தன.

மகனைப் போனில் கேட்டார். "என் கட்டில் எங்கடா?"

"பின்னாடியெல்லாமா திரும்பிப் பாத்தீங்க?"

"கட்டிலக் கேட்டேன்."

"வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்கறோம்ல, அவளுக்கு ஒடம்பு ஏறிடுச்சுன்னு வாங்கினோம்பா. நீங்க வர்றதுக்குள்ள எல்லாத்தையும் பழையபடி பண்ணிடுறேன்."

நம்பினார். பெற்றவர்களுக்கு இந்த விஷயத்தில் வெட்கமே கிடையாது. அன்றிலிருந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி அறைக்குள் நடந்தார். பக்கத்து அறை டீச்சரைத் துணியில் சுற்றித் தூக்கிப் போனார்கள். கண்டக்டர் நடையை நிறுத்தவில்லை.

ஒருவழியாகக் கதவைத் திறந்தார்கள். நடக்க முடிந்தவர்களைக் கூட்டிப்போகலாம் என்று மேலாளர் எல்லா வீட்டுக்கும் சொல்லியனுப்பினார். மகன் உடனே கூப்பிட்டான். "மொதல்ல இன்னொரு படம் அனுப்பறேன்பா. அதப் பாருங்க, அப்புறம் பேசிக்கலாம்."

கட்டிலைப் போட்டுவிட்டான் என்று இல்லம் முழுக்கச் சொன்னார் கண்டக்டர். முகம் மழித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கருவியை மாட்டியதும் அதே மேசை. மகனும் பேத்தியும் கையசைத்தார்கள், மருமகளைக் காணோம். அவர்கள் பேசி முடிக்கும்வரை பொறுக்காமல் பின்னால் திரும்பினார்.

அறை வாசலில் ஒரு போர்வையை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். தரைவரை இழுத்து, ஓரத்தில் சந்து தெரியாதபடி நாற்காலியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். போர்வைக்குப் பின்னால் டிரெட்மில் ஓடும் சத்தம் கேட்டது.

"உங்க ரூம் தெரியுதா சார்?" என்று நர்ஸ் ஆவலாகக் கேட்டாள்.

"தெரியுதும்மா" என்றார் கண்டக்டர்.