முன்சக்கரத்துக் கல்

எண்பதுகளின் தொடக்கத்தில் காவலூரில் குடியிருந்தபோது, என் பழைய அம்பாசிடரின் பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை உடைந்தது. திருப்பத்தூர் மெக்கானிக் மலையேறி வருவதற்குள் என் லீவு முடிந்துவிடும். நானே மாற்றிவிடுவதென்று, வீட்டெதிரே சரிவில் கீழ்நோக்கி நின்ற வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினேன். அந்த வண்டியின் கைபிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். அவை இப்போது அந்தரத்தில். முன்சக்கரங்களுக்கு அண்டைகொடுத்த இரண்டு கற்கள்தான் வண்டியை நிறுத்தியிருந்தன.

அடியில் படுத்துத் துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டும்போது, முன்சக்கரத்தருகே இரண்டு கால்கள் தெரிந்தன. பக்கத்துக் கொல்லையில் சாமை போடுகிறவர். ஏற்றத்தில் நின்றுபோகும் லாரிக்காரர்கள் சக்கரத்துக்கு வைத்த கல்லைப் பாதையிலேயே விட்டுப் போவார்கள். அதைக் கண்டால் எடுத்தெறிவது மலைக்காரர்களின் வழக்கம். கீழிருந்து ஏறி வந்தவருக்குத் தூக்கிய பின்பக்கம் தெரியவில்லை. அவர் கைகள் கல்லைப் பற்றின. என் வாயில் நட்டுகள், குரல் எழவில்லை.

"அண்ணா, அதத் தொடாதீங்க. அவரு அடியில இருக்காரு," என்றாள் வாசலில் நின்ற என் மனைவி.

கைகள் விலகின. அவர் மறுபக்கத்து முன்சக்கரத்துக்குப் போய், அதில் முதுகை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தார்.

"நீங்க வேலய முடிங்க சார்."

வேடிக்கை பார்க்க இதுதானா இடம் என்று எரிச்சலாக வந்தது. பட்டையைப் பூட்டி, சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கிய பிறகும் அவர் நகரவில்லை.

"இன்னும் அங்க இன்னா வேல உங்களுக்கு?" என்றேன்.

சட்டையெல்லாம் வியர்வையோடு மெல்ல எழுந்தார்.

"இந்தப் பக்கத்துக் கல்ல மொதல்லியே பள்ளத்துல தூக்கிப் போட்டுட்டேன் சார்."