ஒரே கேசட்

மஸ்கட்டில் வேண்டாத சாமானைக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வந்த புதிதில் எனக்கு அது தெரியாது. ஒருநாள் நல்ல மர நாற்காலி ஒன்று அப்படி நின்றது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று தூக்கிப் போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அரபுக்காரர் என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். ஒன்று போதாமல் வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். உள்ளே போய் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து கொடுத்து, "கலாஸ், கலாஸ்" என்று கதவைச் சாத்தினார். முடிந்தது, போ என்று அர்த்தம்.

எங்கள் ஊட்டில் எதையும் கலாஸ் என்று சொன்னதில்லை. போன லீவில் பெரியநாயக்கன்பாளையத்து ஊட்டை விற்கப் போனேன். அம்மா இறந்துபோனதிலிருந்து ஒரு வருசம் பூட்டிக் கிடந்தது. கறையான் ஏறியிருந்தது. வாங்க வந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார். "ஏனுங்க, காலி பண்ணிப்போட்டுக் காட்டுங்க. சாமானுக்கு நடுவுல செவுரே தெரியலீங்க." காரமடையில் இருந்து அக்கா வந்தார். ரெண்டு பேரும் மூன்று நாள் ஒதுக்கினோம். கம்பி போன குடை, மூடி இல்லாத டப்பா, நான் அனுப்பிய சோப்பின் அட்டைகளைக்கூட அம்மா அடுக்கி வைத்திருந்தார். "உன்ற அரபுக்காரரைக் கூட்டியாந்திருந்தா மத்தியானத்துக்குள்ள முடிச்சிருப்பாரு" என்றார் அக்கா. சிரித்தோம்.

மூன்றாம் நாள் பீரோ மேல் துண்டு சுற்றிய டேப்ரிக்கார்டர் கிடைத்தது. உள்ளே எங்கள் கேசட். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. எனக்கும் எழுத்து அவ்வளவு ஓடாது. அதனால் கேசட்டில் பேசி, லீவில் போகிறவர்களிடம் கொடுத்துவிடுவோம். ஒரே கேசட்தான். "இன்னொண்ணு எதுக்கு கண்ணு?" என்பார் அம்மா. அவர் பேசியதைக் கேட்டுவிட்டு அதன் மேலேயே நான் பேசுவேன். நான் பேசியதன் மேல் அவர். சிக்கனம் என்றுதான் நினைத்தோம். அழிக்கிறோம் என்று தோன்றவில்லை. கடைசியாக நான் பேசி அனுப்பியது ஊட்டைப் பற்றி. விற்றுப்போட்டு அக்கா கூடப் போய் இருந்துக்கங்க, சம்மதமா சொல்லுங்க என்று கேட்டிருந்தேன். பதில் வரும் முன்னே அம்மா போய்விட்டார். அவருக்குச் சம்மதமா இல்லையா என்று தெரியாமல்தான் ஒரு வருசம் விற்க மனசு வரவில்லை.

"எங்கிட்டயும் ஒண்ணும் சொல்லலை சாமி. போட்டுப் பாரு" என்றார் அக்கா.

போட்டேன். அம்மா குரல்தான். "கண்ணு, ஊட்டைப் பத்திக் கேட்டிருந்தே. இரு, பால்காரர் வந்துட்டாரு. வாங்கிப்போட்டு வாரேன்." ஒரு சத்தம் கேட்டது, பட்டனை அமுக்கியது. அதற்கப்புறம் என் பழைய பேச்சு, பாதியில் இருந்து. இங்கே வெயில் தாங்கவில்லை, வேலை பரவாயில்லை என்பதில் இருந்து ஊட்டை விற்கச் சம்மதமா என்று கேட்டது வரை.

"நிறுத்தாதே. பின்னால பேசியிருப்பாங்க" என்றார் அக்கா. ரெண்டு பக்கமும் கேட்டோம். நான்தான் பேசினேன். இத்தனை வருசத்தில் அம்மா சொன்னதில் அந்த மூணு வரிதான் மிச்சம். அக்கா சீலைத் தலைப்பால் டேப்ரிக்கார்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஊட்டை வாங்குகிறவர் மறுபடி வந்தார். காலி ஊட்டைக் காட்டினேன். செவுரு நன்றாக இருக்கிறது என்றார். கொடுத்துவிட்டேன்.

கேசட்டை மஸ்கட்டுக்கு எடுத்து வந்தேன். இனி யாரும் மேலே பேச முடியாதபடி அதன் விளிம்பில் இருக்கும் ரெண்டு பிளாஸ்டிக் காதையும் ஸ்க்ரூ டிரைவரால் உடைத்துப்போட்டேன். வெள்ளிக்கிழமை லீவு அன்றைக்குக் கேட்பேன். உன் சத்தத்தையே உட்கார்ந்து கேட்கிறாயே என்று ரூமில் இருப்பவர்கள் கேலி செய்கிறார்கள். பால் வாங்கிக்கொண்டு அம்மா திரும்பி வர வேண்டிய ஊட்டில் இப்போது வேறு ஆட்கள். நான் மட்டும் கேசட்டுக்குள்ளே பேசிக்கொண்டே இருக்கிறேன்.